கே, பி, டி, அரைப்புள்ளி

திரையில் வருவதை முழுதாகப் படி. என் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி இது. பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் தமிழில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. மெஷினையே தொடாதே என்று சொன்னவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதாலேயே மூன்று நோட்டு நிரம்பியது.

தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், நோட்டீஸ், புத்தகம் என எதைக் கொண்டுவந்தாலும் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் அமைத்து, அச்சகத்துக்குப் போகிற அளவுக்குத் தயார் செய்து கொடுக்கிற கடை. முதலாளி முடிச்சூர்க்காரர். நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு மளிகைக்கடை வைக்கலாமா ஜெராக்ஸ் கடை வைக்கலாமா என்று யோசித்து, யாரோ சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டர் வாங்கினவர். நல்ல மனிதர்தான். ஆனால் மாட்டைத் தொட்டு வளர்த்த அந்தக் கை கம்ப்யூட்டரைத் தொடப் பயந்தது. தான் தொடாததை இன்னொருத்தி தொடுவதைப் பார்த்தாலும் பயந்தார்.

அந்த மெஷினுக்கு அவர் செய்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அதற்கென்று தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. செருப்பை வெளியே விட வேண்டும். பூ வைத்துக்கொண்டு வந்தால் வாசனை மெஷினுக்கு ஆகாது என்று எடுத்து வெளியே ஆணியில் மாட்டச் சொல்வார். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் மறந்துபோன மல்லிகைச் சரம் ஆணியிலேயே வாடிக் கிடக்கும். தயிர்சாதத்துக்குத் தடை. இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டுக் கொடுத்தவர் சர்வீஸ் இன்ஜினியர்.

இன்ஜினியர் மவுண்ட் ரோடு பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். கையில் பிரீஃப்கேஸ். போன் போட்டால் இரண்டு நாள் கழித்து வருவார். வந்ததும் முதலாளியை டீ சொல்ல அனுப்புவார், என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புவார், அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நாங்கள் திரும்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். என்ன கோளாறு என்று கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்வார். முதலாளி பயபக்தியோடு தலையாட்டுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடு செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். கம்ப்யூட்டர் டிப்ளமா கிடையாது. இதை இன்ஜினியர் வாரம் ஒரு தடவையாவது நினைவுபடுத்துவார். அந்தக் காலத்தில் டிப்ளமா என்றால் ஆறு மாதம் ஒரு சென்டருக்குப் போய் மற்றவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு வருவது. நான் அதற்குப் போகவில்லை. எனக்கு இருந்தது பத்து விரலும் ஒரு மோசமான பழக்கமும்தான். என்னை எங்கே அனுப்பினாலும், போவதற்கு முன்னால் அங்கே எது எது எப்படி இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் மெஷினைப் போட்டால் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். வழக்கம்போல் போன், வழக்கம்போல் இரண்டு நாள் காத்திருப்பு. இன்ஜினியர் வந்தார், நான் தண்ணீர் எடுக்கப் போனேன், வந்தேன், மெஷின் ஓடுகிறது. "பூட் ப்ராப்ளம். கிளியர் பண்ணிட்டேன்" என்றார். நான் மேஜையைப் பார்த்தேன். போகும்போது டிரைவின் வாயில் இருந்த ஃபிளாப்பி வட்டு இப்போது மேஜைமேல் கிடந்தது. வேறு எதுவும் மாறவில்லை. அவருடைய பிரீஃப்கேஸ்கூடத் திறக்கப்படவில்லை.

அந்த இரண்டு வரியை நான் ஏற்கெனவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். 'இது மெஷினை எழுப்புகிற வட்டு இல்லை. மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து' என்று அது சொல்கிறது. பாவம் அந்த மெஷின், தனக்கு என்ன வேண்டுமென்று தானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. இரண்டு நாள் நானும் முதலாளியும் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள்தான் நோட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் அதே இரண்டு வரி வந்தது. முதலாளி போனை எடுப்பதற்குள் நான் ஃபிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு ஒரு தட்டு தட்டினேன். மெஷின் எழுந்தது.

"இன்னாம்மா பண்ணே?" என்றார் முதலாளி, ஏதோ உடைந்துவிட்டதுபோல.

"ஃபிளாப்பி உள்ளேயே இருந்துச்சு அண்ணா. எடுத்துட்டேன். அவ்ளோதான்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ இன்ஜினியருக்குப் போன் போட்டு, நான் செய்தது சரியா என்று கேட்டார். இன்ஜினியர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு, "நீ டைப் அடிக்கறதோட நிறுத்திக்கோம்மா. மெஷின்ல கை வெக்கற வேலை உனுக்கு வாணாம்" என்றார். அடுத்த முறை வந்தபோது இன்ஜினியரும் தன் பங்குக்கு, "மேடம், இதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர். டோன்ட் டச்" என்றார். நான் தலையாட்டினேன். நோட்டில் இரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.

அந்த நோட்டில் இருந்தவை பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மவுஸ் நகராமல் சண்டித்தனம் செய்தால் கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையை எடுத்து, உள்ளே இருக்கிற சின்ன உருளைகளில் அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டு. கீழே மருந்துக்கடையில் வைத்திருக்கிற ஜெராக்ஸ் மெஷின் முனக ஆரம்பித்தால் திரை ஒரு சுருங்கு சுருங்கும், அப்போதே சேவ் செய், கரன்ட் போனாலும் போகும். நேரடியாக சுவிட்சை அணைக்காதே, மெஷினிடம் சொல்லிவிட்டு அது சரி என்று எழுத்தில் காட்டிய பிறகு அணை. புரட்டாசி தாண்டி மழை ஆரம்பித்தால் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஒன்றுக்கு இரண்டாக நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வை. எதை நகல் எடுப்பது என்று தெரியாவிட்டால் புரியாததையும் சேர்த்து எடு.

கடைசியாகச் சொன்னதை நான் விடாமல் செய்தேன். மெஷினோடு வந்த ஃபிளாப்பிகள் முதலாளியின் மேஜை டிராயரில், ஊதுவத்திக் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. அதில் ஒன்று தமிழ் ஃபான்ட், அதாவது கம்ப்யூட்டர் தமிழ் எழுத்து வடிவங்களைக் காட்டுவதற்கு வேண்டிய சரக்கு. அதை ஒரு நகல் எடுத்து என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டேன். டப்பாவுக்குள் ஈரம் சேராமலிருக்க, புதுச் செருப்புப் பெட்டியில் வந்த சின்னப் பொட்டலம் ஒன்றையும் போட்டு வைத்தேன்.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேலை வந்தது. அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதியிருந்தார். பத்து அத்தியாயம், பத்து நோட்டுப் புத்தகம். தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்துக்கு உருப்படியாக ஒரு கையேடு கிடையாது, பொங்கலுக்கு முன்னால் அச்சகத்துக்குப் போனால்தான் பரீட்சைக்குக் கைக்கு வரும் என்றார். நான்கு மாதம் அடித்தேன். மின்சுற்றுப் படங்களைக் கோடு கோடாகப் போட்டேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நீளமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மூன்று அத்தியாயம் முடிந்தபோது, வழக்கம்போல் ஃபிளாப்பியில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதை இன்ஜினியர் பார்த்துவிட்டார். வெளியே போய் வருகிற ஃபிளாப்பியில்தான் வைரஸ் வரும் என்று முதலாளியிடம் சொன்னார். அதில் பொய் இல்லை. ஆனால் என் ஃபிளாப்பி வெளியே போய்த் தங்கியது என் வீட்டு அலமாரியில், அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. இதைச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. "இனிமே எதுவும் வெளிய போவக்கூடாது, வெளியேந்து எதுவும் உள்ள வரக்கூடாது" என்று முதலாளி சட்டம் போட்டார். அலமாரியிலிருந்த நகல்களையும் வாங்கி இன்ஜினியரிடம் கொடுத்தார், அவர் அவற்றை அழித்துவிட்டு வெற்று ஃபிளாப்பியாகத் திருப்பித் தந்தார். அதிலிருந்து புத்தகம் முழுக்க அந்த ஒரே மெஷினில் மட்டும்தான் இருந்தது. சோப்பு டப்பாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பையிலேயே இருந்தது.

மார்கழி பிறந்ததும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. உள்ளே இன்ஜினியர். நான் இல்லாத முதல் நாள் அவர் வந்து, மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் ஆசிரியர் பிழைதிருத்தம் பார்க்க வந்தவர் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொன்னபோது, பத்து அத்தியாயமும் கிறுக்கலாக வந்திருக்கிறது. ஆசிரியர் எழுந்து போய்விட்டாராம்.

நான் எட்டிப் பார்த்தேன். படங்கள் இருந்த இடத்தில் இருந்தன. தமிழ் இருந்த இடத்தில் முழுக்க இங்கிலீஷ் எழுத்து, வாயில் நுழையாத வரிசையில், நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக.

"வைரஸ்" என்றார் இன்ஜினியர். "ஃபுல்லா அஃபெக்ட் ஆயிருக்கு. நான் அப்பவே சொன்னேன், மேடம் வெளியிலேருந்து ஃபிளாப்பி போடறாங்கன்னு. ஃபார்மேட் பண்ணிடலாம் சார். வேற வழியில்ல."

ஃபார்மேட் என்றால் மெஷினிலிருப்பது முழுவதையும் துடைத்துவிட்டு வெற்றாக ஆக்குவது. முதலாளி என்னைப் பார்த்தார். "நாலு மாசத்து வேலைம்மா. வாத்தியாருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? இது உன் ஃபிளாப்பியாலதான்னா நீ நாளைலேந்து வர வாணாம்" என்றார். அவர் கத்தவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு மாதம் உட்கார்ந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

நின்றுகொண்டே திரையைப் பார்த்தேன். திறந்திருந்தது மின்னியல் அத்தியாயம். முதல் பத்தியில் முதல் வார்த்தை கே என்ற எழுத்தில் தொடங்கியது. கே, பி, டி, அரைப்புள்ளி. இரண்டாம் வரியிலும் கே, பி, டி, அரைப்புள்ளி. அடுத்த பத்தியிலும் அதுவே. கிறுக்கலுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்? நாற்காலியின் முதுகில் என் விரல்கள் தாமாக அசைந்தன. வலது நடுவிரல், வலது சுண்டுவிரல் மேலே, இடது நடுவிரல், வலது சுண்டுவிரல் கீழே.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது புரியும். இங்கிலீஷ் மெஷினில் நடு வரிசை ஏ, எஸ், டி, எஃப். தமிழ் மெஷினில் அதே நாலு விரலுக்கு ய, ள, ன, க. நான் இரண்டையும் ஒரே வருடத்தில் படித்தவள். காலையில் ஒரு மணி நேரம் இது, சாயங்காலம் ஒரு மணி நேரம் அது. கே என்ற விசையில் என் விரல் பட்டால் அது ம. பி என்றால் 'மி'யில் மேலே போடுகிற கொக்கி. டி என்றால் ன. அரைப்புள்ளி விசையில்தான் மெய்யெழுத்துக்குப் போடுகிற புள்ளி இருக்கிறது. கே, பி, டி, அரைப்புள்ளி என்றால் மின்.

மின்னியல் அத்தியாயத்தில் வரிக்கு வரி வேறு என்ன வரும்?

"இது வைரஸ் இல்ல அண்ணா" என்றேன். "புத்தகம் அப்படியே இருக்கு. தமிழ் ஃபான்ட்தான் இல்ல."

இன்ஜினியர் சிரித்தார். நான் அவரைக் கேட்டேன்: "இதைத் திறந்தப்போ ஏதாவது ஒரு கட்டம் வந்து ஏதாவது சொல்லிச்சா சார்?"

"ஏதோ வந்துச்சு. ஓகே அடிச்சுட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"மேடம், வைரஸ் வந்தா ஆயிரம் மெசேஜ் வரும். எல்லாத்தையும் படிச்சுட்டிருக்க முடியாது."

படிக்க மாட்டாராம். என் நோட்டின் முதல் வரியே அதுதான். எனக்குள் ஏதோ அறுந்தது. அதற்குள் அவர் ஒரு ஃபிளாப்பியைப் போட்டு மெஷினைத் திரும்ப எழுப்பி, கறுப்புத் திரையில் கட்டளையை அடித்துவிட்டார். முதலாளி அவருக்குத் தலையசைத்திருந்தார். திரையில் கேள்வி வந்தது: இந்த வட்டிலிருப்பது எல்லாம் அழிந்துபோகும், தொடரலாமா? ஆமென்றால் ஒய், இல்லையென்றால் என். இன்ஜினியரின் விரல் ஒய்யைத் தேடிப் போனது.

நேரடியாக சுவிட்சை அணைக்காதே என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அதை மீறியது அன்றைக்கு ஒரு தடவைதான். சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினேன். திரை செத்தது, ஏ.சி. நின்றது, அறை கப்பென்று அமைதியானது.

"ஏய்!" என்றார் இன்ஜினியர். மேடம் எங்கே போனதோ.

"இன்னாம்மா, பைத்தியமா உனுக்கு?" என்றார் முதலாளி.

"வேலையை விட்டுப் போறேன் அண்ணா. நாளைக்கு இல்ல, இன்னிக்கே போறேன். ஆனா அதுக்கு முன்னாடி வாத்தியாரோட நோட்டை எடுத்துட்டு வந்து நீங்க உக்காருங்க. ஸ்கிரீன்ல இருக்கறத நான் படிக்கறேன். நோட்டுல இருக்கறதும் நான் படிக்கறதும் ஒத்துப் போகலேன்னா அவர் ஃபார்மேட் பண்ணட்டும். நானே ஒய் அடிச்சுட்டுப் போறேன்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கீழே மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலாளி கொஞ்ச நேரம் என்னையும் இன்ஜினியரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பீரோவைத் திறந்து மின்னியல் இருந்த ஏழாவது நோட்டை எடுத்தார்.

ஃபிளாப்பியை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டேன். புத்தகத்தைத் திறந்தேன். இன்ஜினியர் படிக்காமல் ஓகே தட்டிய அந்தக் கட்டம் வந்தது. இந்தப் புத்தகத்துக்கு வேண்டிய ஃபான்ட் இந்த மெஷினில் இல்லை, வேறொன்றை வைத்துக் காட்டட்டுமா என்று பணிவாகக் கேட்டது. அதை இங்கிலீஷில் உரக்கப் படித்தேன். சரி என்று தட்டிவிட்டு, கிறுக்கலின் முன்னால் உட்கார்ந்து, கைகளை மேஜையில் வைத்துக்கொண்டேன். எழுத்தைப் பார்த்துப் பார்த்து விரலைத் தட்டினேன், விரல் என்ன சொன்னதோ அதை வாய் சொன்னது.

"மின்கலத்தின்... இரு முனைகளையும்... ஒரு கம்பியால்... இணைக்கும்போது... மின்னோட்டம்... பாய்கிறது."

முதலாளி நோட்டில் விரலை வைத்து வரியைத் தொடர்ந்தார். அவர் உதடு என்னோடு கூடவே அசைந்தது. முதல் வரி திக்கித் திக்கி வந்தது. நாலாவது வரியில் சரளமானது. பக்கத்தின் பாதியில் நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். "இங்க 'தடை'ன்னு ஒன்னு கீதேம்மா?" என்றார் அவர். திரையில் பார்த்தேன். இருந்தது, நான்தான் தாவியிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் முகம் மாறியது. இதற்கு மேல் அவருக்கு யாரும் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் கையில் இருந்ததும் எதிரே இருந்ததும் ஒன்று என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"கோயின்சிடென்ஸ் சார். மேடத்துக்கு அது மனப்பாடம்" என்றார் இன்ஜினியர்.

"நாலு மாசம் அடிச்சது முழுக்க மனப்பாடமா? அப்போ நீ ஃபார்மேட்டே பண்ணாலும் அவ திருப்பி அடிச்சுக் குடுத்துடுவாளே. கொஞ்சம் சும்மா இருப்பா" என்றார் முதலாளி. அவர் இன்ஜினியரிடம் ஒருமையில் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஃபான்ட் ஃபிளாப்பியைத் தேடினோம். டிராயரில், ஊதுவத்திக்குப் பக்கத்தில் இருந்தது. இரும்புத் தகட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. போட்டதும் டிரைவ் கரகரவென்று அழுதது, படிக்கவில்லை. இன்ஜினியரின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், அதைப் பார்க்கக் கிடைத்ததற்காக நான் சந்தோஷப்பட்டேன். கைப்பையைத் திறந்து சோப்பு டப்பாவை எடுத்தேன்.

"வெளியேந்து எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனே" என்றார் முதலாளி, சுரத்தில்லாமல்.

"இது வெளியவே போகல அண்ணா. என் பையிலேயேதான் இருந்துச்சு" என்று சொல்லி, அனுமதி கேட்காமல் போட்டேன். கன்ட்ரோல் பேனலைத் திற, ஃபான்ட் என்று இருக்கிற பெட்டிக்குள் போ, புதிதாகச் சேர் என்பதைத் தட்டு, ஃபிளாப்பியைக் காட்டு, பெயர் வந்ததும் ஓகே கொடு. இரண்டு நிமிட வேலை. அப்புறம் புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன். இந்தத் தடவை எந்தக் கட்டமும் வரவில்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்கும்போது மின்னோட்டம் பாய்கிறது என்று தமிழ் தன் பாட்டுக்கு வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இன்ஜினியர் எதிரில் அழக்கூடாது என்று வைத்திருந்த கொள்கை அதோடு போயிற்று.

வேலையை விட்டுப் போகிறேன் என்று நான் சொன்னதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல் வந்து, பூவை ஆணியில் மாட்டாமல் தலையில் வைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். முதலாளி பார்த்தார். மெஷினும் பார்த்தது. இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டிலிருந்து முக்கியமான பத்து வரியைப் பெரிய எழுத்தில் அடித்து, கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். இன்ஜினியர் அடுத்த முறை வந்தபோது அதைக் கிழித்தார். இன்னொரு பிரதி எடுத்து ஒட்டினேன். அச்சடிக்கிற மெஷின் என் கையில்தானே இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஆசிரியர் கடைசிப் பக்கமாக நன்றியுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அடிக்க உட்கார்ந்தேன். கடைப் பெயரும் ஊரும் போட்டு முதலாளிக்கு நன்றி. அச்சகத்தாருக்கு நன்றி. 'கணினியில் நேர்ந்த பெரும்பழுதைத் திறமையுடன் நீக்கி இந்நூலை மீட்டுத் தந்த பொறியாளருக்கு' நன்றி. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வாத்தியார் கேட்டாரு, யாரு சரி பண்ணாங்கன்னு. இன்ஜினியர் வந்தாருன்னு சொன்னேன்" என்றார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "வந்தது உண்மைதானே? விடும்மா. பேர் போட்டா அடுத்த தபா சீக்கிரம் வருவாரு."

நான் விட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நன்றியுரையை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். அடுத்தவர் வாக்கியத்தில் கை வைப்பது எங்கள் தொழிலில் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அது ஆசிரியருடையதும் இல்லை, முதலாளியுடையதும் இல்லை. அங்கே பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி அடித்தேன். தமிழில் அடித்து, ஃபான்ட்டை மட்டும் இங்கிலீஷுக்கு மாற்றி வைத்தேன். பார்ப்பவர்களுக்கு அது அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்.

புரூஃப் பார்த்த முதலாளி அதில் விரலை வைத்தார். "இது இன்னாம்மா?"

"அது டெக்னிக்கல் மேட்டர் அண்ணா" என்றேன்.

புத்தகம் வந்தது. தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பிள்ளைகள் கையில் அதைப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்து வரியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள். அப்படியே இரண்டு வருடம் போயிற்று. எனக்கே அது மறந்து போகிற நிலைமை.

ஒரு மத்தியானம் குரோம்பேட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்க்கிற பெண் எங்கள் கடைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இந்த புக்கை அடிச்சவங்க யாருங்க?" என்று கேட்டாள். கையில் அந்தக் கையேடு, அட்டை கிழிந்துபோய். அவள் தம்பி படித்த பிரதியாம். முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"என்ன விஷயங்க?"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். புத்தகத்தை என் மேஜையில் வைத்து, இரண்டு கையையும் அதற்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். விரல்கள் தட்ட ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. திக்காமல், நான் அன்றைக்குப் படித்ததைவிட வேகமாக, முதலாளி கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"இதை அடித்தது நான். மீட்டதும் நான்."

முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அந்த வரியைப் பார்த்து, திரும்பவும் உட்கார்ந்தார். அவள் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை மேஜையில் மெதுவாகத் தட்டினாள். ஈ, ஹெச், டி, அரைப்புள்ளி. அப்புறம் தலையை நிமிர்த்தி, "அக்கா, இது நீங்களா?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.